ஈசிஜி ஏழு நிற்கும் ஜன்னல்

பீளமேட்டில் ஓர் ஆஸ்பத்திரி. உள்ளே வழி தவறியவர் மறுவாசலில் வெளியே வருவதற்குள் பேரன் பேத்தி எடுத்திருப்பார், அவ்வளவு பெரிசு. முன்பெல்லாம் அங்கே ஒரு மருந்தேற்றும் பம்பைத் தேடுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். நர்சுகள் தங்கள் வார்டுக்கென்று பம்புகளைப் போர்வை அலமாரிக்குள் அணில் மாதிரி பதுக்கி வைப்பார்கள். இப்போது அந்தப் பாச்சா பலிக்காது. கருவி ஒவ்வொன்றின் முதுகிலும் ஆர்எஃப்ஐடி டேக் என்று ஒரு வில்லை. எந்த வாசலைக் கடந்தாலும் அது அடித்தளத்துக் கம்ப்யூட்டரில் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் காவல் கிருபாசங்கர். கிணத்துக்கடவுக்காரன், கருவிகளைப் பழுது பார்ப்பவன். ஆயிரம் புள்ளிகள் ஊர்ந்தாலும் அவன் கண் ஒன்றின் மேல்தான்: ஈசிஜி ஏழு. அது ஈசிஜி டெக்னீஷியன் லாஸ்யா நெஞ்சுப் படம் எடுக்கிற மிஷின். புள்ளி வேகமாகப் போனால் இவனுக்கு மூச்சு வாங்கும். சாயங்காலமானால் அது நாலாவது மாடிக் கிழக்கு ஜன்னலில் போய் நின்றுவிடும். அங்கே நின்று அவள் யாரை நினைக்கிறாளோ என்று ஏங்கி ஏங்கி இளைத்ததில், அவன் பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லை.

நேரில் பேச்சா? மிஷினில் கோளாறென்று அவளே அடிக்கடி கீழே தள்ளி வருவாள்.

“ஏனுங்க, சார்ஜ் நிக்கலீங்களா?”

“நிக்க மாட்டேங்குதுங்க.”

அவ்வளவுதான். இந்த ரெண்டு வரிக்காக அவன் தலையில் தேய்த்த எண்ணெயில் பொள்ளாச்சித் தோப்புகள் மொட்டையாகிப் போயின.

இன்றைக்கு லாஸ்யாவுக்குக் கடைசி நாள். சேலத்தில் வேறு வேலை. பொழுது சாய்ந்ததும் பஸ். இன்றைக்கும் சொல்லாவிட்டால் இனி எப்போது? புள்ளி ஜன்னலுக்கு வந்ததும் கிருபாசங்கர் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பெட்டி இல்லாமல் மேலே போனால் நாலு பேர் கேட்பார்கள். அந்தப் பெட்டிக்கும் ஒரு வில்லை உண்டு.

ஜன்னலோரம் ஈசிஜி ஏழு நின்றது. பக்கத்தில், கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, வார்டு ஆயா மாசாணியம்மாள்.

“லாஸ்யா எங்கீங்கக்கா?”

“அந்த அம்மணி இங்க எதுக்கு வருது? மிசினைத் தள்றது நானாக்கும் கண்ணு. அம்மணி முன்னாடியே லிப்டுல போயிரும்.”

“தெனமுமா?”

“பின்ன? எம்பட பையன் துபாய் போனதுலருந்து, இந்நேரத்துக்கு ஏரோப்ளேன் எறங்கறதை ஒரு பார்வை பாத்துப்போட்டுத்தான் போவேன். எதுலயாச்சும் வந்துபோட மாட்டானான்னு.”

ஆக, இத்தனை மாதம் அவன் உருகியது மாசாணியம்மாளின் கால் ஆணி நடைக்கு.

“ஏஞ்சாமி, மூஞ்சி இப்படிச் செத்துப்போச்சு? உங்ககிட்டச் சொல்லிப்போட்டுப் போறேன்னு அந்த அம்மணி இப்பத்தான் கீழ எறங்குச்சு. அந்த மிசினுக்கு என்ன கேடு, கல்லாட்டம் இருக்குது. தானே சார்ஜ் ஒயரைப் புடுங்கி உட்டுப்போட்டு, சார்ஜ் நிக்கலைன்னு உங்ககிட்டத் தள்ளீட்டு ஓடும். அன்னிக்கு மட்டும் என்னையத் தொட உடாது.”

கிருபாசங்கர் படிகளில் இறங்கவில்லை, உருண்டோடினான்.

அடித்தளத்து அறையில் யாருமில்லை. சுழல் நாற்காலி மட்டும் இன்னும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. திரையில், தேடும் கட்டத்தில், யாரோ அவனுடைய டூல்ஸ் பெட்டியின் பெயரை அடித்திருந்தார்கள். அப்போதுதான் அவன் தன் வெறுங்கையைப் பார்த்தான். பெட்டி நாலாவது மாடியிலேயே, ஈசிஜி ஏழின் பக்கத்தில், ஆடாமல் நின்றது. அவன் கீழே வருவதாகவே இல்லை என்றுதான் அவளுக்கும் காட்டியிருக்கும்.

தேடிக்கொண்டு மேலே போயிருப்பாளா, பஸ்ஸுக்கே போயிருப்பாளா? ஊசி முதல் ஸ்டூல் வரை வில்லை ஒட்டியவர்கள் மனுசரை மட்டும் விட்டுவிட்டார்கள். இவன் படியேறினால் அவள் லிப்டில் இறங்கிவிடக்கூடும்.

திரையில் பெட்டியின் புள்ளி அசைந்தது.

ஈசிஜி ஏழு அங்கேயே நிற்க, பெட்டி மட்டும் ஜன்னலை விட்டு லிப்டை நோக்கி வந்தது. யார் நடை என்று ஊகிக்க அவனுக்கு இனித் தைரியம் இல்லை. மாசாணியம்மாள் அத்தனை கனத்தைத் தூக்க மாட்டாள். தூக்கினாலும் தூக்குவாள்.

கிருபாசங்கர் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி, லிப்டுக் கதவைப் பார்த்தபடி நின்றான்.