கார்டை ஓட்டியது யார்

பதினொன்றே காலுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூன்று கணினிகளிலும் ரிப்போர்ட் பாதியில் நின்றது. எட்டாவது நாளாக இதே நேரம். கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நான் சர்வர் அறைக்கு ஓடினேன். துப்புரவு அக்கா மேசைக்கு அடியில் குனிந்து மாப் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வயரை ஆட்டினீங்களா?"

"நான் ஏம்மா ஆட்டப் போறேன்? தரையத்தான் தொடைக்கிறேன்."

நான் நம்பவில்லை. "அவங்க உள்ள போனாதான் சார் நெட்வொர்க் படுக்குது" என்று மேனேஜரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இன்று அவர் முடிவே கட்டிவிட்டார். "எழுத்துல குடு. ஏஜென்சில சொல்லி ஆளை மாத்திடுறேன்."

எழுதிக் கொடுத்தேன். வயர் பிடுங்கப்பட்டால் சர்வரின் லாகில் பதிவாகியிருக்கும். அதையும் ஆதாரமாகச் சேர்க்கலாம் என்று திறந்தேன். எட்டு நாளில் ஒரு முறைகூட வயர் கழலவில்லை. சர்வரை நெட்வொர்க்கோடு இணைக்கும் கார்டுதான் மூச்சுமுட்டி நின்று, தானே எழுந்திருக்கிறது. சந்தேகம் தட்டியது. கார்டை எந்த டிரைவர் மென்பொருள் ஓட்டுகிறது என்று கட்டளை அடித்துக் கேட்டேன். ஒரு பெயர் வந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் சர்வர் பெட்டியில் ஒட்டிவைத்த காகிதத்தில் வேறொரு பெயர். அதன் கீழே, 'அப்டேட் போட்டால் இது போய்விடும், திரும்பப் போடவும்.'

எட்டு நாளுக்கு முன் சாயங்காலம் அப்டேட் போட்டது நான். காலையில் எடுத்த ரிப்போர்ட்டெல்லாம் மொத்தமாகப் போவது பதினொன்றே காலுக்கு; அந்தச் சுமையில்தான் புது டிரைவர் திணறியிருக்கிறது. அக்கா துடைக்க வருவதும் அப்போதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பழைய டிரைவரைப் போட்டுவிட்டு மேனேஜரிடம் போனேன். "சார், அவங்க இல்ல. டிரைவர் மாறிடுச்சு. என் தப்பு."

"டிரைவரா? நம்மகிட்ட ஏது வண்டி?"

விளக்கினேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். "அந்தம்மா வந்து அழுதாங்களா?"

"இல்ல சார்."

"அன்னைக்கு அவ்ளோ அடிச்சு சொன்னியே." கடிதத்தைக் கிழிக்கவில்லை, இழுப்பறைக்குள் வைத்தார். "நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் பதினொன்றே கால் தாண்டியது. ரிப்போர்ட்டுகள் தடங்கலின்றிப் போய்க்கொண்டிருந்தன. அக்கா வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கக்கா. உங்கமேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

"இருக்கட்டும்மா. நீங்களும் உள்ள இருங்க. தனியா வரமாட்டேன்."

சுவரோரம் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பாமல் துடைத்தார். போன பிறகு பார்த்தேன். அறை முழுவதும் ஈரம் மினுங்கியது. சர்வர் மேசையைச் சுற்றி மட்டும் ஒரு முழ அகலத்துக்குத் தரை காய்ந்து, நேற்றைய தூசியோடு அப்படியே கிடந்தது.