அட்டை வயது

என் கணவருடைய மூளையை நான்தான் படம் எடுத்தேன். அன்றைக்கு ஸ்கேன் அறையில் என்னோடு வேலை பார்க்கிறவள் விடுப்பு. வேறு நாளைக்கு மாற்றியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் இந்த மெஷின் பக்கத்தில் நின்றவள், என் வீட்டு ஆளை இன்னொருத்தியிடம் விடுவேனா என்று எனக்கு ஒரு திமிர்.

அதற்கு மூன்று மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறாவது மாடியில் வேலையாக இருந்தபோது கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவருக்கு விரல் மடங்கவில்லை. கூட இருந்தவர்கள் சுதாரித்துச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்ததால் பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை மட்டும் சட்டைப் பொத்தானோடு கொஞ்சம் மல்லுக்கட்டும். வாய் முன்பைவிடக் கூடுதல்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மூளை டாக்டரம்மா ஓர் ஆய்வு நடத்துகிறார். பக்கவாதத்திலிருந்து தேறியவர்களுக்கு மூன்றாம் மாதம் ஓர் எம்ஆர்ஐ. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது, வெள்ளைத் திட்டுகள் எத்தனை, அடிபட்ட இடம் எது என்றெல்லாம் அளந்து, வயதையும் சேர்த்துக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்லும். இவரைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேருக்கு ஐந்து வருஷத்துக்குள் மறதி நோய் வரலாம் என்று அர்த்தம்.

முடிவை உங்களுக்குத் தெரிவிக்கலாமா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அவர் 'வேண்டாம்' என்ற கட்டத்தில், இடது கையால், நிதானமாக டிக் அடித்தார்.

"ஏங்க வேண்டாம்னு போட்டீங்க?"

"லிஃப்ட்ல ஏறுறவன் கயித்தைப் பாத்துட்டா ஏறுறான்? போ, வேலையைப் பாரு."

முடிவைப் பார்க்க எனக்கு உரிமை கிடையாது. படம் ஒழுங்காக ஏறிவிட்டதா என்று மட்டும் பார்க்கலாம். திரையில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அதை அழுத்தினால் அடுத்த பக்கம். அழுத்தினேன். முப்பத்தாறு.

அன்றிலிருந்து அந்த எண்ணைச் சுமந்துகொண்டே திரிந்தேன். நூறில் முப்பத்தாறு என்றால் மூன்றில் ஒன்றுக்கும் மேல். பஸ்ஸில் எதிரே மூன்று பேர் உட்கார்ந்தால், இதில் யார் அந்த ஒருவர் என்று பார்க்க ஆரம்பித்தேன். வீட்டில் அதைவிட மோசம். அவர் கண்ணாடியைத் தேடினால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நேற்று யார் போன் செய்தது, காலையில் என்ன சாப்பிட்டோம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள் பார்ப்போம் என்று பரீட்சைக்கு மேல் பரீட்சை வைத்தேன். பாவி மனுஷி, நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்க விட்டேனா அவரை?

"இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"நீ நாலாவது தடவையா இதையே கேக்கற கிழமை. மறதி உனக்கா, எனக்கா?"

எல்லாவற்றையும் விளையாட்டாக்குவது அவர் பிறவிக் குணம். கல்யாணமான புதிதிலேயே சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 'சாவி எங்கே?' என்று கேட்டு என்னை வீடு முழுக்கத் தேட வைப்பார். முகத்தைக் கல் மாதிரி வைத்திருப்பார். ஆனால் நான் மனசுக்குள் பத்து எண்ணுவதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பத்தைத் தாண்டியதில்லை. முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது பயமாக இருந்தது.

இரண்டாவது வாரம், சாப்பாட்டு மேஜையில் கேட்டேன்.

"உங்க பிறந்த நாள் என்னைக்கு?"

"எது? அம்மா பெத்ததா, அப்பா எழுதினதா?"

கரண்டி அப்படியே கையில் நின்றது. அவரைப் பள்ளியில் தாமதமாகச் சேர்த்தார்கள். வயது கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று என் மாமனார் மூன்று வருஷத்தைக் குறைத்து எழுதிவிட்டார். அடையாள அட்டை வரை அதுவே ஒட்டிக்கொண்டது. அட்டைப்படி ஐம்பத்தேழு. நிஜத்தில் அறுபது.

நான் மெஷினில் அட்டைத் தேதியைத்தான் அடித்திருந்தேன். 'வாயால் சொல்வதை அடிக்காதே, அட்டையைப் பார்த்து அடி' என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் ஓதுகிற மந்திரம். வருஷா வருஷம் அம்மா பெற்ற தேதியில்தான் அவருக்கு வாழ்த்துச் சொல்கிறேன். மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் கட்டின புருஷனும் எனக்கு ஓர் அட்டை ஆகிவிட்டார்.

அப்படியென்றால் அந்த முப்பத்தாறு பொய்! ஐம்பத்தேழு வயது மூளை இவ்வளவு சுருங்கியிருக்கிறதே என்றுதான் புரோகிராம் மிரண்டிருக்கிறது. அறுபதுக்கு இந்தச் சுருக்கம் சகஜம். எண் குறைந்தே தீரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் டாக்டரம்மா அறைக்கு மூச்சிரைக்க ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு தேதி தப்புன்னு சொல்ல இவ்வளவு பதற்றமா? நம்பரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவர் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கார். இனிமே இந்த ஆய்வுப் படங்களை நீங்க தொடக் கூடாது. நான் இதை மேல எழுதியும் ஆகணும்."

"எழுதிக்குங்க டாக்டர். வயசை மட்டும் மாத்திடுங்க."

"மாத்தணும்னா அவர் கையெழுத்து வேணும்."

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். பதிவு சரியாக இருக்க வேண்டுமாம், சும்மா ஒரு கையெழுத்து என்றேன். அவர் மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"இத்தனை வருஷம் வேலை பாத்த இடத்துலயே யாரும் இதை மாத்தச் சொல்லல. உனக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ நம்பரைப் பாத்துட்டே."

எவ்வளவு வேகமாகப் பிடித்துவிட்டார்! ஒரு நொடி, அந்த மூளையை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மறு நொடி கூனிக் குறுகிப் போனேன். அவர் கேலி எதுவும் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மாத்தினா குறையுமா?"

"கண்டிப்பா குறையும்ங்க."

பேனாவை வாங்கி, கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அவரும் கூட வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே டாக்டரம்மா தேதியை மாற்றி அடித்தார். திரையில் சின்ன வட்டம் சுற்றியது. நின்றது. நாற்பத்தொன்று.

"குறையணுமே டாக்டர்?"

"சுருக்கத்துக்காகக் கொஞ்சம் குறைச்சுது. ஆனா இந்தக் கணக்குல பெரிய எடை வயசுக்குத்தான். மூணு வருஷம் கூடினதும் அது மத்ததை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு." குரலைத் தணித்துக்கொண்டார். "இது தீர்ப்பு இல்லம்மா. அம்பத்தொம்பது பேருக்கு வராதுன்னும் இதே நம்பர்தான் சொல்லுது. பிரஷரைப் பாருங்க, தினம் நடக்க வையுங்க. முதல்ல நீங்க தூங்குங்க."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"கூடிடுச்சா?"

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வயசைக் கூட்டினா கூடத்தானே செய்யும்? பழைய லிஃப்டுன்னா யாரா இருந்தாலும் ரெண்டு தடவை யோசிச்சுத்தான் ஏறுவான்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"ரெண்டு வாரமா நீ தூங்கல. என் வாயைப் பாத்துட்டே உக்காந்திருக்கே, எப்போ உளறுவான்னு. ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு போட்டேன். நேத்து ராத்திரி நல்லாக் குறட்டை விட்டே."

அங்கேயே, போகிற வருகிறவர்கள் பார்க்க, ஓவென்று அழுதேன். அவர் தன் சரியில்லாத கையை என் கை மேல் வைத்தார்.

"ஒத்தையா ஏன் சுமக்கறே? சொல்லு, பாதி நான் தூக்கறேன்."

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு" என்று அவரும் ஒரு தரம் சொன்னார். "சரி, எந்திரி. பஸ் போயிடும்."

அன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன். அவரைக் கேள்வி கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மனசு லேசாகிவிட்டதாகக்கூட நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் ஜன்னலோரம் நின்று சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போய் மேல் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவர் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"நேத்து ஒரு நம்பர் சொன்னியே, எவ்வளவு அது?"

முகம் கல் மாதிரி இருந்தது. விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஏழு வந்துவிட்டது.