செயலாளரின் கணவர் கொண்டுவந்த பாலிசி

நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடியில் அவரை எல்லோரும் 'பாலிசி' என்றே கூப்பிட்டார்கள். இருபது வருடமாகக் காப்பீடு விற்கிறவருக்கு வேறென்ன பட்டப்பெயர் கிடைக்கும்? வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் அவருடைய மனைவி. கட்டடத்துக்குப் புதிய காப்பீடு எடுக்க வேண்டிய வருடம் இது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நெய்க்கு அலைவார்களா? காரியம் முடிந்த மாதிரிதான் என்று தன் கம்பெனி மேலாளரிடம் மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சரிபார்க்கிற வேலை என்பதை மனிதர் மறந்துவிட்டார். ஒரு பொத்தான் கோணலாக இருந்தாலும் பெட்டியையே திருப்பி அனுப்புகிற கை அது.

ஞாயிறு காலை, கீழே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். மேசையில் மூன்று கம்பெனிகளின் தாள்கள்.

"புருஷன் கம்பெனிக்குத்தானே போகப்போகுது, நம்மள எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று மூன்றாம் மாடி ரிட்டயர்டு ஆபீசர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

செயலாளர் எழுந்தார். "முதல்ல எங்க வீட்டுக்காரர் குடுத்ததையே பாத்துடலாம்."

பாலிசி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"கட்டடத்தோட மதிப்புன்னு இவர் போட்டிருக்கறது, நாம வீட்டை வித்தா கிடைக்கிற விலை. அதுல நிலத்தோட விலையும் சேந்திருக்கு. நிலம் எரியுமாங்க? இடிஞ்சு விழுமா? அதுக்கு நாம எதுக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டணும்?"

கூட்டம் சிரித்தது. பாலிசியின் முகத்தில் ஈயாடவில்லை. செயலாளர் அதோடு விடவில்லை.

"அதைக்கூட மாத்தி எழுதிக்கலாம். ஆறாம் பக்கம் கடைசிப் பாராவைப் பாருங்க. சுவருக்குள்ள போற குழாய் கசிஞ்சா ஒண்ணும் தர மாட்டாங்களாம். மூணு வருஷத்துல இந்தக் கட்டடத்துல ஒரு தீ உண்டா? கசிவு மட்டும் ஒன்பது. பிளம்பரோட வீடு வீடா ஏறி எண்ணியிருக்கேன். இதோ, ரெண்டாவது கம்பெனி குழாய்க்கும் தருது. திரும்பக் கட்ட ஆகுற செலவைத்தான் மதிப்பாவும் போட்டிருக்கு. என் ஓட்டு இதுக்கு."

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் பாலிசி, பரிதாபமாக.

"வீட்டுல சொன்னா அது புருஷன் பொண்டாட்டி பேச்சு. இது நாப்பத்தெட்டு வீட்டு விஷயங்க."

பாலிசி ஆறாம் பக்கத்தைப் புரட்டினார். இருபது வருடமாக விற்ற பக்கம். கடைசி வரைக்கும் ஒருநாளும் படித்ததில்லை, நுனிப்புல் மேய்ந்தே காலம் ஓடிவிட்டது. முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது மொத்தக் கூட்டமும் வியந்து அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் பாலிசிக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாவது கம்பெனிக்கு ஓட்டுப் போட முதலில் உயர்ந்த கை அவருடையதுதான்.

"என்ன பாலிசி, வீட்டம்மாவே உங்க காலை வாரிட்டாங்களே?" என்றார் ஆபீசர்.

"உங்க காலை யாரும் வாரக் கூடாதுன்னுதான் சார் என் காலை வாரினா."

கூட்டம் கலைந்தபின் படியில் மனைவியை எட்டிப் பிடித்தார்.

"இதே பாலிசிய இன்னும் பதினோரு கட்டடத்துக்கு வித்திருக்கேன்."

மனைவி நின்றுவிட்டார். "அவங்களுக்கு அந்தப் பாரா தெரியுமா?"

"எனக்கே இப்பத்தானே தெரியும்! நாளைக்கு ஒவ்வொரு கட்டடமாப் போய்ச் சொல்லி மாத்திக் குடுக்கப்போறேன். நீயும் கூட வா."

"நான் எதுக்குங்க?"

"இதை யாரு கண்டுபிடிச்சதுன்னு கேப்பாங்கல்ல? காட்ட வேண்டாமா?"