ஓடும் எஞ்சினுக்கு முன்னால் இரண்டு பேர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஆவூரில், தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய ஒரு பிள்ளையின் புதுநன்மை விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பங்கிராஸ் அண்ணன் சொன்னது. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ரசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘விமானத்தின் எஞ்சின் ஒரு ராட்சசனைப் போல வாய் பிளந்து—’

வாசித்துக் காட்டினேன். கையமர்த்தினார். “ராட்சசனெல்லாம் இல்ல தம்பி. முன்னாடி நின்னா உள்ள இழுக்கும், பின்னாடி நின்னா தூக்கி எறியும். அம்புட்டுத்தான். அத எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

2

கார்முகில் கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஆள். பங்கிராஸோடு ஒரே அறை, ஒரே ஷிஃப்ட். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிளம்பும் விமானத்துக்குப் பின்னால், போதுமான தூரம் என்று அவனே முடிவு செய்த இடத்தில் நின்றான். விமானம் திரும்பியது. காற்று அவனை வெறும் சாக்கைப் போல உருட்டிக்கொண்டு போய் டிராலி ஓரம் போட்டது. எழுந்தான், சட்டையைத் தட்டினான், சுற்றி நின்றவர்களிடம் சண்டைக்குப் போனான்: “எவன்டா என்னயத் தள்ளுனது?”

இதைச் சொன்னபோது பங்கிராஸ் சிரித்த சிரிப்பு— (இந்த வரியை அடித்துவிட்டேன். எழுத்தில் வரவில்லை.)

வெள்ளிக்கிழமைகளில் கார்முகில் வைக்கும் மீன்குழம்பு, துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாத, மண்ணெண்ணெய் போன்ற விமான எரிபொருள் வாடை. “அப்ப அது கொமட்டும் தம்பி. இப்ப மண்ணெண்ண வாசம் எங்கிட்டாச்சும் வந்தா, நின்னு மோந்துட்டுத்தான் போறேன்.”

3

கார்முகிலுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக ஒரு மதியம் செய்தி வந்தது. அன்றைக்கு அவன் கால் தரையில் இல்லை. அப்போதுதான் வந்து நின்ற விமானத்தின் வயிற்றடியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். அவனோ சரக்குக் கதவைப் பார்த்து, எஞ்சினுக்கு நேர் முன்னால் நடந்தான்.

பங்கிராஸ் கத்தினார். அந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். பங்கிராஸின் காதுக்கவசம் கழன்று பறந்து எஞ்சினுக்குள் போனது. தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம். எஞ்சின் பாழ்.

சூப்பர்வைசர் வந்தார். கார்முகில் வாயைத் திறப்பதற்குள் பங்கிராஸ் முந்திக்கொண்டார்: “நாந்தான் சார் போனேன். இவந்தான் என்னய இழுத்துப் போட்டான்.”

(கேமரா இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “அது அங்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு” என்றார்.)

அன்றிரவே பங்கிராஸுக்கு வேலை போனது. கார்முகில் அறையில் அழுதான். “நான் போயி உண்மையச் சொல்லிர்றேண்ணே.”

“புள்ள பொறந்திருக்குடா. வாய மூடிக்கிட்டுப் படு.”

4

முடிவு. கார்முகில் சில வருடங்களில் இறந்துவிட்டதாக முதலில் எழுதினேன். பங்கிராஸ் கோபப்பட்டார். “உசுரோட இருக்குறவன ஏன் தம்பி சாவடிக்கிறீங்க?”

சரி. கார்முகில் அவர் காலில் விழுந்து அழுவதாக மாற்றினேன். “அவன் அப்புடி ஆளில்ல” என்றார்.

நடந்தது இவ்வளவுதான். போன தை மாதம் கார்முகில் மனைவியோடும் கல்லூரிக்குப் போகும் மகள் பிரகதீஸ்வரியோடும் ஆவூருக்கு வந்தான். தன் முந்திரிக்கொல்லையில் விளைந்த பருப்பு ஒரு பை கொண்டுவந்தான். சாப்பிட்டார்கள். பழைய அறைக் கதைகளைப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். அந்த மதியத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கிளம்பும்போது பெண்கள் முன்னால் நடக்க, கார்முகில் வாசலில் நின்று பங்கிராஸின் தோளைப் பிடித்துக் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். நீளமாகவே சொன்னானாம். அது இடது காது. விமானங்களுக்குப் பக்கத்தில் நின்ற வருடங்களில் செத்துப்போன காது.

“திருப்பிச் சொல்லச் சொல்லிருக்கலாமேண்ணே?”

“ஒரு தடவ சொல்லவே அவனுக்கு இம்புட்டு வருசம் ஆயிருக்கு. மறுபடியும் எப்புடிச் சொல்லச் சொல்றது? சரிடான்னு தலைய ஆட்டிட்டேன்.”

கார்முகிலின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டால் தெரிந்துவிடும். நான் கூப்பிடப் போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் அவன் சொன்னதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். பங்கிராஸுக்கு மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம். அவர் ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார்.