விஜயதசமிக் கரகரப்பு

நான் சந்தேகப் பேர்வழி. பால்காரர் தண்ணீர் கலக்காத நாளில்கூட, எதற்காகக் கலக்கவில்லை என்று யோசிப்பேன். அதனால் அந்த விஜயதசமிக் காலையில் கம்ப்யூட்டரில் கரகரப்பு கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது ஒயர் அல்ல, ஷரீஃப்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ரெக்கார்டிங் ஸ்டூடியோ. ஷரீஃப் அங்கே நான்கு வருஷமாக டெக்னீஷியன். தொண்ணூற்றொன்பதில் மச்சினர் மூலம் சிங்கப்பூரிலிருந்து ஒரு சவுண்ட் பெட்டி வரவழைத்திருந்தேன். மைக்கை அதன் முகப்பிலுள்ள இரண்டு ஓட்டைகளில் ஒன்றில் செருகினால் பாட்டு கம்ப்யூட்டருக்குள் போய்விடும். போன வாரம் வரை ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

அன்று ஸ்ரீரஞ்சனி என்ற பெண் தன் முதல் கேசட்டுக்காக நல்ல நாள் பார்த்துப் பாட வந்திருந்தாள். நல்ல நேரம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. நம்மிடம் சரிப்படவில்லை என்றால் தி.நகரில் குருபிரசாத்தின் ஸ்டூடியோவுக்குப் போய்விடுவாள்.

அந்த குருபிரசாத்தும் ஷரீஃபும் பாண்டி பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்ததைப் போன வாரம் பஸ்ஸிலிருந்து என் கண்ணாலேயே பார்த்தேன். அதைப் பற்றி ஷரீஃப் மூச்சு விடவில்லை. மாடி அறையின் இன்னொரு சாவி அவனிடம்தான் இருக்கிறது. நேற்று ஆயுத பூஜை. பூஜை முடிந்த பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது என்று அறையைப் பூட்டிவிட்டுக் கீழே போய்விட்டேன். கெடுக்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல சமயம் வேண்டுமா?

"நேத்திக்கு இங்க வந்தியோ?" என்று கேட்டேன்.

"லீவுதானே சார். வூட்லதான் இருந்தேன்."

அவன் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தான். மைக்கை மாற்றினான். ஒயரை மாற்றினான். ஃபேனை நிறுத்தினான். கம்ப்யூட்டரைத் திறந்து பெட்டியின் ஒயர் போய்ச் சேரும் கார்டைக் கழற்றி மறுபடி செருகினான். சிடியைப் போட்டுப் பெட்டியின் டிரைவர் சாஃப்ட்வேரையும் புதிதாக ஏற்றினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஸ்ரீரஞ்சனி "சா" என்றாள். சா வந்தது, அறுந்தது, கரகரத்தது.

எனக்கு அவனுடைய நிதானமே பிடிக்கவில்லை. தானே கெடுத்துவிட்டுத் தேடுவது போல நடிக்கிறான் என்று நினைத்தேன்.

"பூட்டின ரூம்ல அது தானா கெட்டுப்போகுமா? குருபிரசாத் உனக்கு என்ன தரேன்னான்?"

ஸ்ரீரஞ்சனி சுருதிப் பெட்டியை அணைத்தாள். ஷரீஃப் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அவரு ஸ்டூடியோ மிக்சரு ரிப்பேரு சார். பார்த்துக் குட்த்தேன், அவ்ளோதான்."

"இன்னியோட நீ நின்னுக்கோ."

"சரி சார். இத்த முட்ச்சிட்டுப் போறேன்." முன்பு பதிந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டுக் கேட்டான், மறுபடி பெட்டியிடம் குனிந்தான். "பழைய பாட்டு நல்லா கேக்குது. உள்ள போற வழிலதான் ஏதோ கீது."

ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டுச் சுழற்றினான். வெளியே வந்த பஞ்சு மஞ்சளாக இருந்தது. சந்தன வாசனை என் மூக்குக்கு எட்டியது.

பூஜையில் பெட்டிக்குப் பொட்டு வைத்தது நான்தான். இரண்டு ஓட்டைகளும் பார்க்கக் கண் மாதிரி இருக்கிறதே என்று அவற்றின் மேலேயே தாராளமாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன். காலையில் துணியால் துடைத்ததும் நானே. பாதி துணியோடு வந்தது, மீதி உள்ளே போய்க் காய்ந்துவிட்டது.

"என்ன ஆச்சு அண்ணா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

ஷரீஃப் குச்சியைக் குப்பைக் கூடையில் போட்டான். "தூசிம்மா. நீங்க பாடுங்க."

சா சுத்தமாக வந்தது. நல்ல நேரத்துக்குள் முதல் பாட்டே முடிந்துவிட்டது.

அவள் போன பிறகு, "தப்பு என்னோடது ஷரீஃப். எதையும் மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வந்துடு," என்றேன்.

"வர்றேன் சார்."

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, டூல்ஸ் பையை என் மேஜைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தான். ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், கட்டிங் பிளேயர் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான்.

"எதுக்கு இதெல்லாம்?"

"பார்த்துக்குங்க சார். நாளிக்கு எதுனா கெட்டுப்போச்சுன்னா, நான் இன்னா எட்த்துக்கினு போனேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேன்ட் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டான்.