மூன்றாவது ஓலை

தங்கச்சிமடம் மாதா கோயிலில் ஜெர்லினுக்கும் ரெக்ஸுக்கும் இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்று மாலை, பெண்ணின் அப்பா மரியசெல்வம் வீட்டு டிவி முன்னால் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் இருவர் பெயரையும் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை பாம்பன்காரன், சென்னையில் ஒரு விளையாட்டுச் சேனலில் கபடி வர்ணனையாளன். என்ன குறை சொல்ல?

வர்ணனை என்றால் கத்தல்தான். எதிரணிக் கோட்டுக்குள் ரெய்டுக்குப் போனவன் சும்மா திரும்பினால் ரெக்ஸ் மேசையை ஓங்கித் தட்டுவான். "மூட்டையைக் கட்டு தம்பி, ஊருக்கு பஸ் ஏறு!" பாம்பன் தீவில் மீன் ஏலத்தில்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் போனில் ஜெர்லினிடம் அவன் பேசும் குரல் வேறு. தணிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தடவிக் கொடுப்பதுபோல் வரும். கத்துகிற ரெக்ஸ் ஊருக்கு, இந்த ரெக்ஸ் தனக்கு என்று அவள் நம்பியிருந்தாள்.

அவள் தம்பி ஜெனிஷ், ரெக்ஸ் வர்ணிக்கும் கபடி லீக்கிலேயே ரெய்டர். அணியோடு மதுரையில் இருந்தான். முந்தைய நாள் ஆட்டத்தில் அவனுக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை.

"உங்க மச்சினனாச்சே, இவரையாவது விட்ருவீங்களா?" என்று டிவியில் பக்கத்து நாற்காலிக்காரர் சீண்டினார்.

"மச்சினனா இருந்தா மாலை போடணுமா?" ரெக்ஸ் எழுந்தே விட்டான். "ஏன் அவன் வலது பக்கம் திரும்பவே இல்ல? வலது முட்டில ஜவ்வு கிழிஞ்சிருக்கு! மறைச்சு ஆடுறான்! எனக்கு வீட்டுக்குள்ளேர்ந்தே தகவல் சார்! மூட்டையைக் கட்டு தம்பி..."

பழக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"முட்டிக்கு என்ன?" என்றார் மரியசெல்வம். "ஏத்தா ஜெர்லின், மாப்ள என்ன சொல்றாரு?"

ஸ்கேன் எடுக்கப் போனபோது ஜெனிஷ் அவளை மட்டும்தான் துணைக்குக் கூப்பிட்டான். லீக் முடியட்டும், அடுத்த வருசத்துக்கு அணியில் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கிய பிறகு ஆபரேஷன் செய்துகொள்கிறேன், அய்யாவுக்குக்கூடச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தான். கவலை தாங்காமல் ஒரு நாள் அவள் அதை ரெக்ஸிடம் சொல்லி அழுதிருந்தாள்.

போன் அடித்தது. ஜெனிஷ்.

"அக்கா, உன்கிட்ட மட்டுந்தான சொன்னேன்?"

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ரெக்ஸைக் கூப்பிட்டாள். அவன் உற்சாகமாக இருந்தான். "அந்த வீடியோ எங்கெங்க ஓடுதுன்னு பாத்தியா புள்ள? இன்னைக்கு உன் தம்பி பேரு தெரியாத ஆளு கிடையாது."

"அவன் முட்டியும்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"அட, நல்லாருக்கே! நாளைக்கு நீ சொன்ன இத அப்படியே நிகழ்ச்சில சொல்லிருவேன்" என்று சிரித்தான்.

வியாழக்கிழமை அரையிறுதி. முட்டிக்கு ஒன்றுமில்லை என்று அவன் சாதித்ததால் அணி ஜெனிஷை இறக்கியது. அவன் இரண்டாவது ரெய்டுக்குப் போனபோது, ஓரத்தில் நின்ற எதிரணிக்காரன் கையையும் தேடவில்லை, இடுப்பையும் தேடவில்லை. நேரே வலது முட்டியில் விழுந்தான். மேலே மூன்று பேர் சரிந்தார்கள். ஜெனிஷ் அலறியது மைக்கில் கேட்டது. அதையும் அமுக்கிக்கொண்டு ரெக்ஸின் குரல் எழுந்தது.

"சொன்னேன்ல! நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

அம்மா டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஜெர்லினால் முடியவில்லை. அதையே மறுபடி மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முட்டி உள்பக்கமாக மடிந்தது.

"இங்கன பாருங்க," என்றான் ரெக்ஸ். "அந்தா... அங்கனதான். அப்படியே விட்டுப்போகுது பாருங்க."

கத்தவில்லை. தணிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தடவிக் கொடுப்பதுபோல் சொன்னான். ஜெர்லினுக்கு அந்தக் குரல் தெரியும்.

சனிக்கிழமை மரியசெல்வம், "விளையாட்டு வேற, கல்யாணம் வேற. ஊரெல்லாம் பத்திரிகை குடுத்தாச்சு" என்றார்.  சாயங்காலம் ஜெர்லின் தனியாகச் சாமியார் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம் சாமி."

"ஏம்மா, தடை ஏதும் தெரிஞ்சுதா?"

"எனக்குச் சம்மதம் இல்ல."

சாமியார் மறுநாள் வாசிக்க வைத்திருந்த தாளை எடுத்து அவள் பெயரை அடித்தார். "பொண்ணுக்குச் சம்மதம் இல்லன்னா அதவிடப் பெரிய தடை எதுவும் இல்லம்மா" என்றார்.

மறுநாள் பூசையில் மற்ற ஓலைகளை வாசித்தார்கள். அவள் பெயர் வரவில்லை. கோயில் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. மரியசெல்வம் பாதிப் பூசையில் எழுந்து வெளியே போனார்.

மத்தியானம் ஜெனிஷை வேனில் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை கட்டு. இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டிவியில் ரெக்ஸ் இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். ஜெர்லின் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்த நிறுத்திட்டேன்டா. இனி அந்த ஆளு இந்த வாசல மிதிக்க மாட்டாரு."

ஜெனிஷ் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவருக்குப் பேசுறதுதான் பொழப்பு. பேசுனாரு" என்றான். "உனக்கு என்னக்கா வந்துச்சு?"

 எழுந்துபோய் டிவியை அணைக்கக் கையை நீட்டினாள்.

"அணைக்காத," என்றான் ஜெனிஷ். "வேற என்னத்தையெல்லாம் அவருகிட்டச் சொல்லி வச்சிருக்கன்னு நான் கேக்க வேணாமா?"