அவள் பார்க்காத திமிங்கிலங்கள்

தட்டில் கிடந்த கிரில் எனும் இருநூறு குட்டி இறால்களில் நூற்று நாற்பதாவதை அளந்துகொண்டிருந்தபோதுதான் யாஸ்னாவுக்கு அது உறைத்தது. கண்ணிலிருந்து வால் நுனிவரை நாற்பத்தேழு மில்லிமீட்டர். கண்ணாடி போன்ற உடலுக்குள் தின்ற பாசியின் பச்சை அப்படியே தெரிந்தது. காலையில் அவள் சுக்கான் அறையின் இடது சன்னலில் நின்று ஒரு தாய்த் திமிங்கிலத்தையும் குட்டியையும் நெடுநேரம் பார்த்திருந்தாள். வாய் திறந்து பேசவில்லை. கப்பல் அந்தப் பக்கமே திரும்பி, அவை மேய்ந்த இடத்திலேயே வலையை இறக்கியிருந்தது. நேற்றும் இப்படித்தான் நடந்தது. முந்தாநாளும்.

தென்கோடித் துறைமுகமான புன்டா அரேனாஸிலிருந்து கிளம்பி, தென்துருவக் கடலின் இந்த நீரிணைக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. அவளை ஏற்றி அனுப்பியது அரசாங்கம். கப்பலில் யாரும் அவளுக்கு உத்தரவிட முடியாது, அவளும் யாருக்கும் உத்தரவிட முடியாது. வலையில் வருவதை அளப்பதும், நாளைக்கு நான்கு முறை அரை அரை மணி நேரம் கண்ணில் படும் திமிங்கிலங்களையும் பறவைகளையும் எண்ணிப் படிவத்தில் குறிப்பதும்தான் வேலை.

கையைக் கழுவிக்கொண்டு மேலே சுக்கான் அறைக்குப் போனாள். மீன்பிடித் தலைவர் டான் நிக்கானோர் கடலுக்கடியில் கிடப்பதைக் காட்டும் எதிரொலித் திரையின் முன் மாத்தே இலைத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். சிலோயே தீவுக்காரர், அறுபது வயது. சுக்கானில் விதால் நின்றான்.

"நான் பாக்குற பக்கமா கப்பலத் திருப்புறீங்க," என்றாள்.

"ஆமா," என்றார் அவர், மறைக்கவேண்டிய விஷயமே இல்லை என்பதுபோல. "திமிங்கிலம் எங்க திங்குதோ அங்கதான் கிரில் கிடக்கும். இந்தத் திரை பக்கத்துல இருக்கறதத்தான் காட்டும். உன் கண்ணு அஞ்சு மைலுக்குப் பாக்குது."

"நான் ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ எங்க சொன்ன, மகளே. எதாவது கண்டுட்டா உன் கழுத்து அசையாம நிக்குமே, அது சொல்லிச்சு."

விதால் திரும்பாமலே சிரித்தான். "மெஷின்னா ரிப்பேர் ஆகும் தலைவரே. இவளுக்கு ஒரு காபி ஊத்துனா போதும்."

அவளும் சிரித்துவைத்தாள். மூன்று அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவள் அவள். வீட்டில் சுடும் ஆப்பிள் கூகென் கேக்கில் கடைசித் துண்டு மிஞ்சும்போது தட்டைப் பார்க்கக் கூடாது, சன்னலைப் பார்க்க வேண்டும் என்பது சிறு வயதிலேயே பழகிப்போயிருந்தது. பார்த்தால் அது வேண்டும் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வேறொருத்தி எடுத்துக்கொள்வாள். வளர்ந்த பிறகு பெரிய விஷயங்களிலும் அதே பழக்கம் தொடர்ந்தது. எஸ்தெபானைப் பிடித்திருந்த இரண்டு வருடமும் அவன் உட்கார்ந்திருந்த பக்கம் அவள் திரும்பியதில்லை. அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டபோது அவள் எதையும் இழந்ததாக யாருக்கும் தெரியவில்லை, அவன் உட்பட.

ஆகவே மறுநாள் வலைக்கு வழிகாட்டாமல் கண்ணைத் திருப்பிக்கொள்வது அவளுக்குச் சிரமமாக இல்லை. வலப்பக்கம் கரையோரமாகத் திமிங்கிலங்களின் மூச்சுப் புகை எழுவது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. ஒன்று, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. அவள் தொலைநோக்கியை மேற்கே, ஒன்றுமில்லாத கடலின் மேல் வைத்துக் கழுத்தை அசைக்காமல் நின்றாள். கப்பல் மேற்கே போனது. இரண்டு மணி நேரம் கழித்து வலை தண்ணீர் சொட்ட வெறுமனே ஏறியது. படிவத்தில் திமிங்கிலம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டாள். மூன்று நாள் இப்படியே நடந்தது. மூன்று நாளும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். தன்னிடம் இப்படி ஒரு சாமர்த்தியம் இருந்தது என்று உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மூன்றாம் நாள் மாலை வாரப் படிவத்தை அனுப்ப உட்கார்ந்தாள். டான் நிக்கானோர் பின்னால் வந்து நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அவள் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"மூணு நாளும் சைபரா?"

"ஆமா."

"நல்லது. அனுப்பிடு."

அந்த 'நல்லது' அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"வலப்பக்கம் பத்துப் பதினஞ்சு இருக்கும்," என்றார் அவர், சாவகாசமாக. "நேத்துதான் பாத்தேன். அப்புறம்தான் நீ என்ன செய்யறேன்னு புரிஞ்சுது."

"பாத்துட்டுமா இன்னிக்கு மேற்க போனீங்க?"

"எனக்கு ஒரு நாள் வலை போச்சு. போகட்டும். அரசாங்கம் அனுப்புன கண்ணு இந்தக் கடல் பகுதியில திமிங்கிலமே இல்லன்னு எழுதுது. வர்ற வருஷம் எங்க வலை போடலாம், எங்க கூடாதுன்னு கோட்டுப் போட்டவங்க உக்காந்து பேசுவாங்கல்ல, அங்க இதத்தான் எடுத்து வைப்பாங்க, திமிங்கிலமே இல்லாத இடத்துல வலைக்கு என்ன தடைன்னு. இத நான் கேட்டிருந்தா நீ எழுதியிருப்பியா?"

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவர் போன பிறகு அந்த மூன்று பூஜ்யங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வலைக்குத் தப்பவைத்த திமிங்கிலங்களை அவளே அந்த நீரிணையிலிருந்து துடைத்து எடுத்திருந்தாள். வேண்டியதைப் பார்க்காமல் இருந்தால் அது பத்திரமாக இருக்கும் என்று யார் சொன்னது? கூகென் ஒரு தடவையாவது அவளுக்குக் கிடைத்திருக்கிறதா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

பேனாவை எடுத்து மூன்றையும் அடித்தாள். 'கவனிக்கப்படவில்லை' என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பனிமூட்டம் என்று எழுதலாம். கப்பலில் யாரும் மறுக்கப்போவதில்லை. உண்மையை எழுதினால் அடுத்த பருவத்தில் அவளை எந்தக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள். 'வேண்டுமென்றே வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதி, திரும்பப் படிக்காமல் படமெடுத்து அனுப்பினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளிச்சம் வந்தது. காற்று இல்லை. வலது சன்னலுக்குப் போய் நின்றாள். விதால் சுக்கானில் இருந்தான். டான் நிக்கானோர் மாத்தேக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் எந்தச் சன்னலுக்குப் போனாள் என்பதைப் பார்த்துவிட்டுக் குழலை வாயில் வைத்தார்.

தொலைநோக்கியை உயர்த்தினாள். அவை அங்கேதான் இருந்தன. தண்ணீர் செம்பழுப்பாகக் கொதித்தது. கிரில்கள் துள்ளித் தெறித்தன. கீழிருந்து வாய்கள் திறந்தபடி மேலே வந்தன. தொண்டைத் தோல் பை போல உப்பி, வடிந்து, மூடியது. தூரம், திசை, எண்ணிக்கை. ஐந்து. ஒன்பது. ஒரு குட்டி தாய்க்குப் பின்னால் எழும்பி, கிரில் கூட்டத்தைத் தவறவிட்டு, வெறும் தண்ணீரை வாய் நிறைய அள்ளிக்கொண்டு புரண்டது. அதையும் ஒன்றாகக் குறித்தாள். பதினான்கு. கழுத்து அசையாமல் நிற்பது அவளுக்கே தெரிந்தது. அசைத்துக்கொள்ள முயலவில்லை.

"எத்தன, மகளே?" என்றது பின்னாலிருந்து குரல்.

"இன்னும் முடியல," என்றாள்.

இயந்திரத்தின் ஓசை காலடியில் மாறி, கப்பல் வலப்பக்கம் திரும்புவதுபோல் இருந்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். திமிங்கிலங்களைச் சுற்றித் தண்ணீரில் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்த புள்ளிப் பெட்ரல் பறவைகள் திடீரென்று தலையைத் தூக்கின. பிறகு எல்லாம் ஒன்றாக எழும்பின, நூறோ இருநூறோ, கறுப்பும் வெள்ளையுமாக. அவற்றுக்குக் கீழே திமிங்கிலங்கள் இன்னும் வாயைத் திறந்து மேலே வந்துகொண்டிருந்தன.